தேர்தல் ஆணை வருவதற்கு முன்பே: சிங்கப்பூரில் வாக்காளராகவும் வேட்பாளராகவும் ஆக நினைக்கும் புதியவர்களுக்கு

2025 ஏப்ரல் 19, சனிக்கிழமை இரவு. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு தம்பி படிவங்களோடு காத்திருந்தார். எனக்குத் தெரிந்த ஒருவர் எங்கள் குழுத்தொகுதியில் (பல உறுப்பினர்களை ஒரே குழுவாகத் தேர்ந்தெடுக்கும் தொகுதி) போட்டியிடுவதாக இருந்தது. அவருடைய வேட்புமனுவில் சம்மதக் கையெழுத்துப் போட என்னைக் கேட்டிருந்தார்கள். குடியுரிமை வாங்கி இத்தனை ஆண்டில் முதல்முறையாக ஒரு வேட்பாளரின் தாளில் என் பெயர் வரப்போகிறது என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு இறங்கிப் போனேன். தம்பி சரிபார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அக்கா, உங்க பேரு பதிவேட்டுல இல்லையே.”

2023 செப்டம்பர் 1 அன்று அதிபர் தேர்தல் நடந்தபோது நான் திருச்சியில் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தேன். வாக்களிக்கவில்லை. வாக்களிக்காதவர்களின் பெயர் வாக்காளர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் என்பது அரைகுறையாகத் தெரியும். திரும்பச் சேர்க்க நாமே விண்ணப்பிக்க வேண்டும் என்பதில் அக்கறை காட்டவில்லை. தேர்தல் ஆணை, அதாவது தேர்தலை நடத்தச் சொல்லும் அதிகாரபூர்வ உத்தரவு, ஏப்ரல் 15 அன்றே வெளிவந்துவிட்டதால், 19ஆம் தேதி செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. கையெழுத்தும் போட முடியவில்லை, மே 3 அன்று வாக்களிக்கவும் முடியவில்லை. என் இடத்தில் நான்காவது மாடி மாமா ஒருவர் கையெழுத்துப் போட்டார். நான் அந்த வாரம் முழுவதும் அவர்களுக்குத் தாள்களை அடுக்கிக் கொடுத்து, படிவங்களைச் சரிபார்த்து உதவினேன். அப்போது கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆணை வந்த நாளிலிருந்து வாக்களிப்பு நாள் வரை அந்தத் தேர்தலில் கிடைத்தது 18 நாள். கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் அந்த 18 நாளுக்குள் செய்யவே முடியாதவை.

1. உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்

21 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்கள் வாக்களிப்பது சட்டப்படி கட்டாயம். நிரந்தரவாசிகளுக்கு வாக்குரிமை இல்லை. குடியுரிமை கிடைத்த மறுநாளே வாக்காளராகிவிடுவோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பதிவேடு புதுப்பிக்கப்படும்போது ஒரு தேதியை அறிவிப்பார்கள். அந்தத் தேதியில் நீங்கள் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு உறுதிமொழி எடுத்தவர்கள் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சரிபார்க்கச் செலவில்லை. சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) இருந்தால் தேர்தல் துறையின் இணையத்தளத்தில் பார்த்துவிடலாம். இணையம் பழக்கமில்லாத பெரியவர்களை அடையாள அட்டையோடு அருகிலுள்ள சமூக மன்றத்துக்கு அழைத்துப் போங்கள், அங்கே பார்த்துச் சொல்வார்கள். பதிவேடு புதுப்பிக்கப்பட்டதும் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். விடுபட்ட பெயரைச் சேர்க்கவும் தவறான விவரத்தைத் திருத்தவும் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

என்னைப்போல் முந்தைய தேர்தலில் வாக்களிக்காமல் பெயர் நீக்கப்பட்டிருந்தால், மீண்டும் சேர்க்க விண்ணப்பியுங்கள். வெளிநாட்டில் வேலை, படிப்பு, வெளிநாட்டுப் பயணம், உடல்நலக் குறைவு, பிரசவம் போன்றவற்றை ஏற்கத்தக்க காரணங்களாக எடுத்துக்கொள்கிறார்கள். காரணம் ஏற்கப்பட்டால் கட்டணம் கிடையாது, இல்லாவிட்டால் 50 வெள்ளி. விமானச் சீட்டு, மருத்துவச் சான்றிதழ், வேலைக் கடிதம் என்று எது கையில் இருக்கிறதோ அதைப் பத்திரப்படுத்துங்கள். திருச்சி மருத்துவமனைத் தாள்களைத் தேடி எடுக்க எனக்கு ஒரு நாள் பிடித்தது. விண்ணப்பத்தை அனுப்பச் சில நிமிடம்தான் ஆனது.

இங்கே பெரிய பொறி இதுதான்: தேர்தல் ஆணை வெளியானதிலிருந்து வாக்களிப்பு முடியும்வரை இந்த விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள். தேர்தல் பேச்சு காதில் விழும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நான் நின்ற இடத்தில்தான் நீங்களும் நிற்பீர்கள். பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது, வேட்புமனுவில் கையெழுத்திட முடியாது, வேட்பாளராகவும் முடியாது.

2. முகவரி

வீடு மாறினால் 28 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் தெரிவிப்பது சட்டம். நீங்கள் எந்தத் தொகுதி வாக்காளர் என்பதை அடையாள அட்டை முகவரிதான் முடிவு செய்கிறது. பதிவேட்டுத் தேதிக்குப் பிறகு ஈசூனிலிருந்து ஜூரோங் வெஸ்ட்டுக்கு மாறினால் அந்தத் தேர்தலில் ஈசூன் வாக்காளராகவே இருப்பீர்கள். வேட்புமனுவில் கையெழுத்திடும்போது இது பெரிதாகப் பாதிக்கும், அதைக் கீழே சொல்கிறேன்.

3. எந்தக் கதவு எதற்கு என்று பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊரிலிருந்து வந்த நமக்கு, ‘கவுன்சிலர்’ ஒருவரைப் பிடித்தால் எல்லாம் நடக்கும் என்ற எண்ணம் இருக்கும். இங்கே தனியாக உள்ளாட்சித் தேர்தல் இல்லை. நாடாளுமன்றத்துக்கு நீங்கள் தேர்ந்தெடுப்பவரே உங்கள் பேட்டையின் நகர மன்றத்தையும் நடத்துகிறார். மின்தூக்கி, தாழ்வார விளக்கு, குப்பைத் தொட்டி, மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் நகர மன்றத்தின் பொறுப்பு. வீடு வாங்குவது, விற்பது, வாடகைக்கு விடுவது பற்றிய விதிகள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கையில். சமூக மன்றமும் வசிப்போர் குழுக்களும் மக்கள் கழகத்தைச் சேர்ந்தவை. அல்ஜூனிட், ஹவ்காங், செங்காங் போன்ற எதிர்க்கட்சித் தொகுதிகளில் சமூக மன்றத்துக்கு மக்கள் கழகம் நியமிக்கும் அடித்தள ஆலோசகரும் நாடாளுமன்ற உறுப்பினரும் வெவ்வேறு ஆட்கள். மனுவோடு போகும்போது இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க மக்கள் சந்திப்புக்குப் போங்கள். பெரும்பாலும் வாரம் ஒரு மாலை, ஏதோ ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும். கட்டணம் இல்லை. அடையாள அட்டை, சம்பந்தப்பட்ட அமைப்பு அனுப்பிய கடிதங்கள், அவற்றின் குறிப்பு எண், ஏற்கெனவே நீங்கள் எழுதியவற்றின் நகல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். குறிப்பு எண் இல்லாமல் போனால் இன்னொரு வாரம் அலைய நேரலாம். நாளும் நேரமும் மாறக்கூடும், பொது விடுமுறை வாரத்தில் நடக்காமலும் போகலாம். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே மனுதாரராக மட்டும் நின்றுவிடாதீர்கள். மக்கள் சொல்வதைக் கேட்டுக் கடிதமாக எழுதித் தர அங்கே தொண்டூழியர்கள் தேவை. தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு பாட்டி தன் மகன் வேலை இழந்த கதையைச் சொல்லும்போது, அதை நிதானமாகக் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் எழுதத் தெரிந்தவர் எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அவருடைய மக்கள் சந்திப்பில் ஆறு மாதம் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். வாடகை, கடன், மருத்துவக் கட்டணம், குடும்பத் தகராறு என்று ஒரு பேட்டையின் நாடித் துடிப்பு கைக்குத் தெரிந்துவிடும். பிற்பாடு போட்டியிட நினைப்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பது என் உறுதியான கருத்து. கட்சி வேண்டாம் என்றால் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் தொடங்கலாம். ஆனால் பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிகளோடு நின்றுவிடாமல் வசிப்போர் குழுக் கூட்டங்களுக்கும் போங்கள். நம்மவர்கள் நம்மவர் நிகழ்ச்சியில் மட்டும் தென்பட்டால், சீன, மலாய் அண்டை வீட்டாருக்கு நம் முகம் எப்படிப் பழகும்?

4. கையெழுத்திடுபவராக வாருங்கள்

ஒரு வேட்புமனுவுக்கு ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், குறைந்தது நான்கு பேர் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டும். ஆறு பேரும் அந்தத் தொகுதியின் பதிவேட்டில் உள்ள வாக்காளர்களாகவே இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு என்பதால் அதே தொகுதி என்று நம்பிவிடாதீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் எல்லை மாறுகிறது. சாலையின் இந்தப் பக்கம் ஒரு தொகுதி, எதிர்ப்பக்கம் வேறொன்று என்றிருக்கும்.

ஆறு பேர் போதும் என்றாலும் பத்துப் பன்னிரண்டு பேரைத் தயாராக வைத்திருங்கள். என்னைப்போல் ஒருவர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டால் தடுமாற்றம் இருக்காது. ஒவ்வொருவர் பெயரும் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே தாளில் வர வேண்டும். தமிழர்களுக்குத் தலைப்பெழுத்து, தந்தை பெயர், ‘த/பெ’ என்று பெயர் பல வடிவில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். ஊர் வழக்கப்படி எழுதாமல் அடையாள அட்டையைப் பார்த்து எழுதுங்கள்.

வாக்களிப்பு முகவராகவோ வாக்கு எண்ணும் முகவராகவோ வேட்பாளர் உங்களை நியமிக்கலாம். ரகசியக் காப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும், நாள் முழுக்க ஒதுக்க வேண்டும். வாக்களிப்பு காலை 8 முதல் இரவு 8 வரை, எண்ணிக்கை நள்ளிரவு தாண்டும். தேர்தல் எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்க்க இதைப்போல் வாய்ப்பு வேறில்லை.

குடிமக்கள் அல்லாதவர்கள் பிரசாரத்தில் இறங்கக் கூடாது. ஊரிலிருந்து வந்திருக்கும் தம்பி ஆர்வத்தில் துண்டுப்பிரசுரம் கொடுக்கக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

5. வேட்பாளராக: தகுதியை நேர்மையாகச் சரிபாருங்கள்

அரசமைப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்வது சுருக்கமாக இது: சிங்கப்பூர்க் குடிமகன், 21 வயது, பதிவேட்டில் பெயர், வேட்புமனு நாளில் இங்கே வசிப்பவர், அதற்கு முன் மொத்தமாகப் பத்து ஆண்டுக்குக் குறையாமல் இங்கே வசித்தவர். பத்து ஆண்டு குடியுரிமை வேண்டும் என்று பலர் தவறாகப் புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். சட்டம் எண்ணுவது வசித்த காலத்தை. இடையில் விட்டுவிட்டு வசித்திருந்தாலும் கூட்டிக்கொள்ளலாம்.

மொழித் தகுதியும் உண்டு. ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கில் குறைந்தது ஒன்றில், நாடாளுமன்ற நடவடிக்கைகளில் பங்கெடுக்கும் அளவுக்குப் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் ஒன்றே சட்டப்படி போதும். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராதே என்று ஒதுங்கும் அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

தகுதியிழப்பு 45ஆம் பிரிவில் இருக்கிறது. திவால் நிலையிலிருந்து விடுபடாதவர், ஆதாயம் தரும் அரசாங்கப் பதவி வகிப்பவர், தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் ஆகியோர் போட்டியிட முடியாது. குற்றத்துக்காக ஓராண்டுக்குக் குறையாத சிறை அல்லது 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் பெற்றவருக்கும் குறிப்பிட்ட காலத்துக்குத் தடை உண்டு. அபராத வரம்பு முன்பு 2,000 வெள்ளியாக இருந்து 2022இல் உயர்த்தப்பட்டது. பழைய கட்டுரைகளை நம்பிக் குழம்பாதீர்கள். நம்மில் பலர் அரசாங்கப் பள்ளி ஆசிரியர்கள், அமைச்சு ஊழியர்கள். வேலையை விட வேண்டுமா, எப்போது விட வேண்டும் என்பதை நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, அந்தப் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி வேட்புமனு மேசைவரை போகக் கூடாது.

6. இரண்டு சான்றிதழ்கள்

முதலாவது சமூகச் சான்றிதழ், அதாவது வேட்பாளர் ஒரு சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதற்கான சான்று. குழுத்தொகுதியில் போட்டியிடும் குழுவில் குறைந்தது ஒருவர் சிறுபான்மைச் சமூகத்தவராக இருக்க வேண்டும். சில குழுத்தொகுதிகளில் அவர் மலாய்ச் சமூகத்தவராகவும், மற்றவற்றில் இந்தியர் அல்லது பிற சிறுபான்மையினராகவும் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். உங்கள் தொகுதி எந்த வகை என்று முதலில் பாருங்கள். மலாய் வேட்பாளர் தேவைப்படும் தொகுதியிலும் தமிழர் போட்டியிடலாம், ஆனால் அந்த இடத்தை அவரால் நிரப்ப முடியாது. ஒரே ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதிக்கு இந்தச் சான்றிதழ் வேண்டியதில்லை. 2025இல் 18 குழுத்தொகுதிகளும் 15 தனித்தொகுதிகளும் இருந்தன.

இந்தியர், பிற சிறுபான்மைச் சமூகக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் உங்களை அந்தச் சமூகத்தவராகக் கருதுகிறீர்களா, சமூகம் உங்களை அப்படி ஏற்கிறதா என்பதே அளவுகோல். கலப்புத் திருமணக் குடும்பத்தில் பிறந்தவர்கள் கூடுதல் ஆவணங்களை எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டை நகல், சமூக அமைப்புகளில் செய்த பணிக்கான கடிதம் ஆகியவை கைவசம் இருக்கட்டும்.

இரண்டாவது அரசியல் நன்கொடைச் சான்றிதழ். இது எல்லா வேட்பாளர்களுக்கும் வேண்டும். முந்தைய 12 மாதத்தில் பெற்ற நன்கொடைகள் பற்றிய அறிவிப்பைக் கொடுத்தால்தான் கிடைக்கும். நன்கொடை தரத் தகுதியுள்ள தனிமனிதர்கள் 21 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்கள் மட்டுமே. துபாயில் இருக்கும் இந்தியக் குடிமகனான அண்ணன் அன்பாக அனுப்பும் பணமும், நிரந்தரவாசி நண்பர் நீட்டும் உறையும் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். பணம் வந்துவிட்டால் தொடாமல் திருப்பி அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்துவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

இரண்டு சான்றிதழ்களையும் ஆணை வெளியானதும் சில நாளுக்குள் விண்ணப்பித்து முடிக்க வேண்டியிருக்கும். கடைசித் தேதியைத் தேர்தல் துறை ஒவ்வொரு தேர்தலிலும் அறிவிக்கும். வேட்புமனு நாளையே கடைசி நாளென்று மனத்தில் வைத்திருந்தவர்களை நான் பார்த்தேன். சான்றிதழ்களுக்கான நாள் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒரு சான்றிதழ் இல்லாவிட்டாலும் குழுத்தொகுதியில் மொத்தக் குழுவின் மனுவும் தள்ளுபடியாகும்.

7. பணக் கணக்கு

2025 பொதுத் தேர்தலில் வைப்புத் தொகை ஒரு வேட்பாளருக்கு 13,500 வெள்ளி. நால்வர் குழுவென்றால் 54,000, ஐவர் குழுவென்றால் 67,500. செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாகப் பெற்றால் அந்தப் பணம் திரும்ப வராது. அடுத்த தேர்தலில் தொகை மாறலாம்.

செலவுக்கும் உச்சவரம்பு உண்டு. 2025இல் ஒரு வாக்காளருக்கு 4 வெள்ளியாக இருந்தது 5 வெள்ளியாக உயர்ந்தது. 25,000 வாக்காளர் உள்ள தனித்தொகுதியில் 1,25,000 வெள்ளிவரை செலவழிக்கலாம். குழுத்தொகுதியில் மொத்தத்தைக் குழுவினரின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1,20,000 வாக்காளர், நான்கு வேட்பாளர் என்றால் ஆளுக்கு 1,50,000. இது வரம்பு, கட்டாயச் செலவு அல்ல. துண்டுப்பிரசுரத்தை நான்கு மொழியில் அச்சிடுவதற்கும் பதாகைகளுக்கும்தான் பணம் கரையும். தமிழ் மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விட்டுவிட்டு அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். படித்துத் திருத்த ஒரு தமிழாசிரியர் இல்லாத பேட்டை சிங்கப்பூரில் கிடையாது.

எல்லாச் செலவும் தேர்தல் முகவர் வழியாகப் போக வேண்டும். முகவராக ஒழுங்கும் பிடிவாதமும் உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். காப்பிக்கடை ரசீதைக்கூட வாங்கி வைக்கிறவரே சரியான ஆள்.

8. வேட்புமனு நாள்

காலை 11 மணியிலிருந்து நண்பகல் 12 மணிவரை, ஒரே ஒரு மணி நேரம். 2011 பொதுத் தேர்தலில் தஞ்சோங் பகாரில் ஒரு குழு 35 வினாடி தாமதமாகக் கொடுத்ததால் மனு ஏற்கப்படவில்லை, அந்தத் தொகுதி மக்களுக்கு வாக்களிக்கும் வாய்ப்பே இல்லாமல் போனது. 2025இல் மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் எதிர்த்து யாருமே மனு செய்யவில்லை, அங்கும் வாக்களிப்பு நடக்கவில்லை. ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் ஆயிரக்கணக்கானோரின் வாக்கைத் தீர்மானிப்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதல் நாள் இரவே எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்: வேட்புமனு, அதோடு சேர்ந்த சட்டபூர்வ உறுதிமொழி, நன்கொடைச் சான்றிதழ், குழுத்தொகுதியென்றால் சமூகச் சான்றிதழ், வைப்புத் தொகை கட்டிய ரசீது. உறுதிமொழியை உறுதிமொழி ஆணையர் முன்னால் கையெழுத்திட வேண்டும், அவருக்கும் நேரம் ஒதுக்குங்கள். கையெழுத்திட்டவர்களின் தொலைபேசி எண்களும் கையில் இருக்கட்டும். பத்து மணிக்கே மையத்தில் இருங்கள். மனு வாங்கத் தொடங்கியதுமே கொடுத்துவிட்டால், பிழை இருந்தால் திருத்தி மறுபடி கொடுக்க நேரம் கிடைக்கும்.

9. வைப்புத் தொகை இல்லாத வழி

தேர்தலில் நிற்க மனமோ பணமோ இல்லை, ஆனால் துறை அறிவு இருக்கிறது என்பவர்களுக்கு நியமன நாடாளுமன்ற உறுப்பினர் வழி உண்டு. அதிகபட்சம் ஒன்பது பேர், இரண்டரை ஆண்டுத் தவணை. நாடாளுமன்றத்தின் சிறப்புத் தெரிவுக்குழு பெயர்களைக் கேட்டு அறிவிப்பு வெளியிடும்போது, முன்மொழிபவர், வழிமொழிபவர், இன்னும் நான்கு வாக்காளர்கள் கையெழுத்திட்ட படிவத்தை அனுப்பலாம். 44ஆம் பிரிவின் தகுதிகள் இதற்கும் பொருந்தும். கட்சி சாராதவர்களையே எதிர்பார்க்கிறார்கள். அரசமைப்புத் திருத்தத்திலும் நிதி மசோதாக்களிலும் வாக்களிக்க முடியாது, மற்றபடி விவாதத்தில் முழுமையாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். சமூகசேவை, கலை, தொழிற்சங்கம் ஆகியவற்றில் உழைக்கும் எத்தனையோ தமிழர்களை எனக்குத் தெரியும். ஒருவராவது இந்தப் படிவத்தைக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. அறிவிப்பு வரும் வாரத்தில் ஆறு பேரைத் தேடாமல், இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

10. கடைசி இரண்டு நாளும் அதற்குப் பிறகும்

வாக்களிப்புக்கு முந்தைய நாள் பிரசார ஓய்வு நாள். அன்றும் வாக்களிப்பு நாளிலும் பிரசாரப் பதிவுகளைப் பொதுவில் போடவோ பகிரவோ கூடாது. உறவுக்காரர்களுக்குள் தனிப்பட்ட முறையில் பேசிக்கொள்வது வேறு, முகநூலில் எல்லோரும் பார்க்கப் பகிர்வது வேறு. வேட்பாளரின் தொண்டூழியர்கள் எல்லோருக்கும் இதை முன்னதாகவே எழுதி அனுப்பிவிடுங்கள்.

வாக்களிக்கப் போகும்போது வாக்கு அட்டையும் அடையாள அட்டையும் எடுத்துப் போங்கள். வாக்கு அட்டை சிங்பாஸிலும் கிடைக்கும். வாக்கு ரகசியமானது. யாருக்குப் போட்டோம் என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தை வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லிப் போக்குங்கள்.

தேர்தல் முடிவு அரசிதழில் வெளியானதிலிருந்து 31 நாளுக்குள் வேட்பாளரும் முகவரும் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்களும் கொடுக்க வேண்டும். களைத்துப்போய் ஊருக்குக் கிளம்பிவிடும் காலம் அது, அதனால் கணக்கை முடித்துவிட்டுச் சீட்டுப் போடுங்கள். வாக்களிக்க முடியாமல் போனவர்கள் அதே நாள்களில் முதல் படிக்குத் திரும்பிப் பெயரைச் சேர்க்க விண்ணப்பியுங்கள். நானும் மருத்துவமனைத் தாள்களைத் தேடி எடுத்து அப்போதுதான் விண்ணப்பித்தேன். இப்போது என் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, கையெழுத்துப் போடத் தயார் என்று அந்தத் தம்பியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.